கரடி நடந்து வந்த கடைசிக் காட்சி

திரைப்படம் பார்ப்பதற்கும் ஒரு முறைமை உண்டு என்பது என் நெடுநாள் கருத்து. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதும், அழ வேண்டிய இடத்தில் கைக்குட்டையை எடுப்பதும், மற்ற இடங்களில் வாய் மூடியிருப்பதும் பார்வையாளரின் கடமையாகும். இக்கடமையில் எங்கள் எஸ்டேட் மக்கள் ஒரு பகல் காட்சியில் எவ்வாறு தவறினார்கள் என்பதையும், அதனால் என் குடும்பத்தில் நெடுநாள் இழுபட்ட காரியம் ஒன்று எவ்வாறு முடிவுக்கு வந்தது என்பதையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலையைக் காயவைக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் படிப்பு எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள்களில் தொடங்கி, எஸ்டேட் நூலகத்தின் கடைசி அலமாரி வரைக்கும் நானாகவே படித்துத் தேறினேன். ஓய்வுக்குப் பின், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குச் சற்று மேலே ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு, நானும் என் மனைவியும் வசித்து வருகிறோம்.

எங்களுக்கு ஒரே மகன். வணிகவியலில் பட்டம் பெற்றவன். அப்பட்டத்துக்குரிய உத்தியோகத்தை நாடாமல் சென்னைக்குச் சென்று, கணினியில் உருவங்களை நடக்கவைக்கும் தொழிலைக் கற்று, அங்கேயே ஒரு நிறுவனத்தில் அமர்ந்துவிட்டான். நடக்கவைப்பது என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஓர் உருவத்தை ஒருவர் வரைவாராம். மற்றொருவர் அதற்கு உரோமம் வைப்பாராம். இன்னொருவர் வெயிலும் நிழலும் கொடுப்பாராம். என் மகன் அதை நடக்கவைப்பானாம். புதிதாக ஒரு குடும்பப் படத்தில் தான் கரடிக்கு வேலை செய்வதாக அவன் தன் மாமாவிடம் விளக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அப்ப மூஞ்சி நீ போடல?”

“இல்லீங்க மாமா.”

“மயிரு?”

“அது வேற டிபார்ட்மென்ட்டுங்க.”

“அப்ப வெறுங் காலு மட்டுமா கண்ணு?”

“நாலு காலுங்க மாமா.”

இந்த மாமா என் மனைவியின் மூத்த சகோதரர். குன்னூரில் ஒரு தேயிலைக் கிடங்கின் அலுவலகத்தில் செல்வாக்குள்ளவர். அங்கே காலியாகவிருந்த ஓர் இடத்தை மருமகனுக்கென்று வாய்மொழியாகப் பிடித்துவைத்திருந்தார். என் மனைவிக்கும் அதுவே விருப்பம். மகன் அருகில் இருப்பான் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அவளே அடிக்கடி கூறுவாள்.

“பையன் என்ன பண்றான்னு ஊருல கேட்டா நான் என்னனு சொல்றதுங்க? கரடி மேய்க்கறான்னா?”

தாய்க்கும் மகனுக்கும் இடையே கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. படம் வெளிவரட்டும், தாய் அதை ஒரு முறை பார்க்கட்டும், பார்த்தபின் அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி அவன் நடந்துகொள்வான். படம் ஊட்டியில் திரையிடப்பட்டதும் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். வந்த அன்றே என்னைத் தனியே அழைத்துச் சென்றான்.

“அப்பா, படத்துல கரடி ஆடும், மரமேறும், கட்டிப் புடிக்கும். அதெல்லாம் மத்தவங்க பண்ணுனது. கடைசியில அந்தி நேரத்துல சமையக்கட்டுக் கதவுக்கு நடந்து வரும் பாருங்க, அது மட்டுந்தான் முழுசா என்னுது. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவங்களுக்கா ஏதாச்சும் தோணுதான்னு பாக்கோணும்.”

“தோணாவிட்டால்?”

“குன்னூரு வேலைக்கே போயிர்றேனுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொன்னபின் தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டான். சிறு வயதிலிருந்தே அவன் அழுகையை அடக்கும் முறை அது.

இங்கே எங்கள் ஊர்க் கரடியைப் பற்றியும் கூற வேண்டும். சில மாதங்களாக ஒரு கரடி சோலைக் காட்டிலிருந்து இறங்கி எங்கள் லைன் பக்கம் வந்துகொண்டிருந்தது. கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்தது. ரேஷன் கடைக் கதவைப் பெயர்த்தது. பலாப்பழ வாசனை உள்ள வீட்டை நன்கு விசாரித்து அறிந்துகொண்டது. கூண்டு வைக்குமாறு வனத்துறைக்கு எழுதிக் கேட்டிருந்தோம். கூண்டின் வருகைக்காகக் காத்திருந்தோம். அதுவரையில் எங்களுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கரடியை முதலில் பார்ப்பவர் கூச்சலிடக் கூடாது. தட்டையோ டப்பாவையோ எடுத்துத் தட்ட வேண்டும். அந்த ஓசையைக் கேட்டவர்கள் ஏன், எதற்கு என்று வினவாமல் தாங்களும் கையில் கிடைத்ததைத் தட்ட வேண்டும். டார்ச் உள்ளவர்கள் வெளிச்சம் அடிக்க வேண்டும். ஓசை பலமானால் கரடி தன் வழியே திரும்பிவிடும். பக்கத்து வீட்டில் தட்டும்போது தட்டாமல் இருப்பவரை எங்கள் பக்கத்தில் மனிதராக மதிப்பதில்லை.

என் மகன் சிறுவனாக இருந்தபோதும் இவ்வாறு கரடிகள் வருவதுண்டு. எல்லாரும் தட்டிக்கொண்டிருக்க, இவன் மட்டும் சமையலறைச் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். தாய் காதைப் பிடித்து உள்ளே இழுப்பாள்.

படம் பார்க்க ஒரு வேன் பேசினேன். லைனிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் வந்தார்கள். அவர்களில், எங்கள் வீட்டை ஒட்டிய லைனின் கடைசி வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டம்மாள் முக்கியமானவர். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். நாங்கள் லைன் என்பதை அவர் இன்றைக்கும் லயம் என்றே சொல்வார். மைத்துனர் நீளக் குடையுடன் குன்னூரில் ஏறிக்கொண்டார்.

ஒரு தகப்பன் என்ற முறையில் நான் சில முன்னேற்பாடுகள் செய்திருந்தேன். சென்னையில் மக்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் அழுதார்கள் என்பதை மகனிடம் கேட்டு அறிந்து, வேனில் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு அனைவருக்கும் எடுத்துரைத்தேன்.

“கரடி எண்ணெய் குடிக்கும் காட்சி நகைச்சுவைக் காட்சி. அங்கே தாராளமாகச் சிரிக்கலாம். கரடியைக் கூண்டில் அடைக்கும் காட்சி சோகக் காட்சி. அங்கே கண்ணீர் வருவது முறை. கடைசியில் கரடி திரும்பி வரும்போது ஆனந்தக் கண்ணீர்.”

“அழுகறதுக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கணுங்களா?” என்றார் பக்கத்து வீட்டம்மாள். “லயத்துல தெனம் சீரியல் பாக்குறோம். அதெல்லாம் நல்லாவே அழுவோம்.”

வேன் முழுவதும் சிரித்தது. அன்று அவர்கள் உரிய இடத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

திரையரங்கில் முன்வரிசைகளைக் கீழே சமவெளியிலிருந்து வந்த சுற்றுலாக் குடும்பங்கள் நிறைத்திருந்தன. எல்லார் தலையிலும் அன்றைக்கு வாங்கிய புதுக் கம்பளிக் குல்லாய். நடு வரிசைகளில் நாங்கள். வெளியுணவு கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததை என் மனைவி படித்தாள். படித்தபின் வர்க்கி பிஸ்கட் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைச் சால்வைக்குள் இன்னும் சற்று மேலே ஏற்றிக்கொண்டாள். மகன் வரிசையின் ஓரத்தில், குரங்குக் குல்லாயைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டு, தாயின் முகம் தெரியும்படி சாய்ந்து அமர்ந்தான்.

கதை எளியது. மலைக் கிராமத்தில் ஒரு சிறுமி. காட்டிலிருந்து வழி தவறி வந்த ஒரு கரடி அவளுக்கு நண்பனாகிறது. ஊரார் அதைக் கூண்டில் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிடுகிறார்கள். அது அவளைத் தேடித் திரும்பி வருகிறது.

எண்ணெய்க் காட்சி வந்தது. கரடி கோயிலுக்குள் நுழைந்து, விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு, எண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு தூணில் முட்டியது. முன்வரிசைக் குழந்தைகள் இருக்கையை விட்டுச் சரிந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் வரிசைகளில் நிசப்தம்.

“சிரியுங்கள்,” என்று நான் மெல்லச் சொன்னேன்.

“என்னத்தச் சிரிக்கிறது?” என்றார் பக்கத்து வீட்டம்மாள், மெல்லச் சொல்லாமல். “போன மாசம் நம்ம கோயில்ல குடிச்சப்ப ஒருத்தராச்சும் சிரிச்சோமா? பூசாரி ரெண்டு நாளு பேசலையே.”

“முழு டின்னு,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், துக்கத்துடன்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட ஒருவர், என் பொருட்டு உரக்கச் சிரித்தார். அதற்குள் காட்சி மாறி, திரையில் அச்சிறுமியின் தாத்தா காலமாகிக்கொண்டிருந்தார். முன்வரிசைகள் அனைத்தும் திரும்பிப் பார்த்தன.

பின்னர் கரடியும் சிறுமியும் மழையில் நடனமாடினார்கள். இசை மிக இனிமை. நான் மனைவியின் பக்கம் நோக்கினேன்.

“இடுப்புல கை வெக்குது பாருங்க,” என்றாள் அவள். அந்த நடனத்தைப் பற்றி அவள் கூறிய ஒரே கருத்து அது.

இடைவேளையில் எங்கள் மக்கள் திரையரங்குத் தேநீரை வாங்கி, முகர்ந்து பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மரியாதையாகக் கீழே வைத்துவிட்டார்கள். மைத்துனர் குடையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாப்பிள்ளை, படம் நல்லாத்தான் இருக்குதுங்க. கொறை சொல்லக் கூடாது. ஆனா இதுக்கு எதுக்குங்க பி.காம்?”

மகன் சுவரில் ஒட்டியிருந்த படத்தின் விளம்பரத்தை, தான் அதுவரை கண்டிராததைப்போல் வாசித்துக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பின் கூண்டுக் காட்சி. கரடி தேன் வாசனைக்கு மயங்கி உள்ளே போகிறது, கதவு விழுகிறது, சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். முன்வரிசையில் ஒரு தகப்பனார் குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சரி, என் மக்களும் இனி அழுவார்கள் என்று நான் எண்ணிய அந்தக் கணத்தில், எங்கள் வரிசைகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. சாதாரணக் கைதட்டல் அன்று. தேர்தலில் ஜெயித்தவருக்குக் கிட்டும் கைதட்டல்.

“அப்பாடா! வெச்சாங்கய்யா கூண்டு!”

“நம்ம ஊருக்கு எப்ப வருமோ?”

“கதவு கெட்டியா விழுந்துச்சு பாருங்க. நல்ல கூண்டு.”

சுற்றுலா வந்த ஓர் அம்மையார் எழுந்து எங்களைப் பார்த்து, “உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?” என்று கேட்டார்.

“மனசு இருக்குதுங்க,” என்றார் பக்கத்து வீட்டம்மாள். “கதவுதான் இல்ல. அது பேத்துப் போட்டுருச்சு.”

நான் தலை குனிந்துகொண்டேன். மகன் குல்லாயை மூக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டான்.

கடைசிக் காட்சி வந்தது. அதுவரைக்கும் ஓயாமல் ஒலித்த இசை நின்றுவிட்டது. அந்தி. வீட்டின் பின்புறம். பனி மெல்ல இறங்குகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் இருள் அசைகிறது. அசைந்த இருள் கரடியாகிறது. ஆடாமல், பாடாமல், நான்கு காலில் நடந்து வருகிறது. தோள் இரண்டும் முறை வைத்து ஏறி இறங்குகின்றன. முன்பாதங்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. தலை தாழ்ந்து, மண்ணை மோந்து, தனக்கு உரிமையுள்ள இடத்துக்கு வருகிறவரைப்போல அவசரமே இல்லாமல் வருகிறது. நகம் கல்லில் உரசும் ஓசை மட்டும் கேட்கிறது. சமையலறைக் கதவருகே வந்து நிற்கிறது.

மகனுடைய வேலை இதுதான் என்பது அந்த அரங்கில் எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும்.

என் இடப்பக்கம் ‘டங்’ என்று ஓர் ஓசை கேட்டது. திரும்பினேன். என் மனைவி சால்வையை உதறிவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, வர்க்கி டப்பாவை அதன் மூடியால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் திரையை விட்டு அசையவில்லை.

அதன்பின் நடந்தவற்றுக்கு யாரையும் குற்றம் கூற இயலாது. ஓசை கேட்டால் தட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பக்கத்து வீட்டம்மாள் தண்ணீர் பாட்டிலால் இருக்கைக் கையை அடித்தார். பின்வரிசையில் சாவிக்கொத்துகள் குலுங்கின. கைப்பேசிகள் அனைத்தும் டார்ச்சாக மாறித் திரையை நோக்கி ஒளி வீசின. கரடியின் முகம் வெளுத்துப்போயிற்று. என் மைத்துனர், குன்னூர்க் கிடங்கு அலுவலகத்தில் செல்வாக்குள்ளவர், குடையின் கைப்பிடியால் முன் இருக்கையின் முதுகைப் பலமாக அடித்துக்கொண்டிருந்தார். அந்த இருக்கையில் அமர்ந்திருந்த சுற்றுலாப் பயணி எழுந்து சுவரோரம் போய்விட்டார். உண்மையைச் சொல்வதானால், நானும் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் தட்டினேன்.

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. ஒரு குழந்தை அழுதது. அரங்கின் மேலாளர் ஓடிவந்தார்.

“என்னங்க? என்னாச்சு? ஏனுங்க இப்படித் தட்டறீங்க?”

“கரடிங்க,” என்றார் பக்கத்து வீட்டம்மாள், டார்ச்சை அணைக்காமல்.

“அம்மா, அது படமுங்க!”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சு எதுக்குங்க தட்டறீங்க?”

“வந்துச்சுங்களே.”

மேலாளர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சால்வைகள், தலையில் கட்டிய துணிகள், டப்பாக்கள். “எந்தப் பக்கமுங்க நீங்க?” என்று கேட்டார். எஸ்டேட்டைச் சொன்னோம். அவர் முகம் மாறியது.

“எங்க மாமியார் ஊடு அங்கதானுங்க, ரேஷன் கடைக்கு மேல,” என்றார். முன்வரிசைகளை நோக்கித் திரும்பி, “மன்னிச்சுக்குங்க. இவங்க ஊருல நெசக் கரடி வருது. கை தானா தட்டிப் போட்டுது. கடைசிக் காட்சிய மறுபடி போடறோமுங்க,” என்று அறிவித்தார். போகும்போது என் மனைவியிடம் குனிந்து, “அந்த டப்பாவ மட்டும் உள்ள வெச்சுக்குங்கம்மா,” என்றார். வெளியுணவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை.

விளக்குகள் அணைந்தன. பனி மீண்டும் இறங்கியது. கரடி மீண்டும் நடந்து வந்தது. இம்முறை என் மனைவி டப்பாவையும் மூடியையும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கரடி பாதி தூரம் வந்தபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, வரிசையின் ஓரத்தை நோக்கினாள். மகன் குல்லாயைக் கழற்றிவிட்டிருந்தான்.

“இது உன்னுதா கண்ணு?”

அவன் தலையசைத்தான். கைகள் இரண்டும் கால்சட்டைப் பையில் இருந்தன.

அதன்பின் சிறுமி கதவைத் திறந்து கரடியைக் கட்டிக்கொண்டாள். முன்வரிசைகள் ஆனந்தக் கண்ணீர் வடித்தன. எங்கள் வரிசைகள், “ஐயோ, கதவத் தொறந்துட்டாளே!” என்று ஒரே குரலில் பதறின. நான் அவர்களைத் திருத்த முயலவில்லை.

வெளியே வேனுக்குக் காத்திருக்கும்போது என் மனைவி தன் தமையனிடம் சென்றாள்.

“அண்ணா, அந்தக் குன்னூரு வேலைக்கு வேற யாரையாச்சும் பாத்துக்குங்க.”

“ஏன் அம்மிணி? படத்துல பாதிக்கு மேல நீ கொட்டாவிதான உட்டுட்டு இருந்த?”

“ஆடறப்ப ஒண்ணுந் தோணலீங்கண்ணா. இது நடந்து வர்றப்ப டப்பா எங் கைக்கு எப்ப வந்ததுன்னு எனக்கே தெரியல. பொம்மைக்கு யாராச்சும் டப்பா தட்டுவாங்களா?”

“அதுக்காவ…”

“நீங்களுந்தான கொடையில அடிச்சீங்க?”

மைத்துனர் குடையைப் பார்த்தார். கைப்பிடி சற்று விரிசல் விட்டிருந்தது. அவர் நியாயம் அறிந்தவர்.

“நாலு காலுன்னு லேசா நெனச்சுப் போட்டன் மருமகனே,” என்றார் மகனிடம்.

“ஊருல கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?” என்று மகன் தாயைக் கேட்டான்.

“கரடி மேய்க்கறான்னுதான். வேறென்னத்தச் சொல்றது?” என்றாள். ஆனால் வேனில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நசுங்கிய வர்க்கியில் நல்ல துண்டுகளை எல்லாம் பொறுக்கி அவனுக்கே கொடுத்தாள்.

வீடு வந்து சேர்ந்து, அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தோம். வெளியில் இன்னும் சற்று வெளிச்சம் இருந்தது. கீழே லைனில் முதல் தட்டு ஒலித்தது. அடுத்து ஒன்று. பின்பு எல்லா வீடுகளும். நான் எழுந்து டார்ச்சைத் தேடினேன். என் மனைவி சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைச் சன்னலுக்குப் போனாள். போனவள் தட்டவில்லை.

“கண்ணு, இங்க வா. சத்தம் போடாம வா.”

மகன் போய் அவளருகே நின்றான். அவள் நகர்ந்து அவனுக்குச் சன்னலை முழுவதுமாக விட்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருள் அசைந்தது.

“அக்கா! என்னா தட்டுற சத்தத்தக் காணோம்?” என்று பக்கத்து வீட்டம்மாள் கத்தினார். “ஊட்டுல ஆளு இல்லையா?”

“இருக்கறமுங்க! செத்தப் பொறுங்க, எம்பையன் காலப் பாத்துக்கறான்!”

“எதப் பாக்குறான்?”

“காலுங்க, காலு!”

கரடி எங்கள் கொல்லையின் ஓரமாக நடந்து சென்றது. மகனுடைய மூச்சு கண்ணாடியில் படிந்தது. அவன் அதைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

“பாத்துட்டியா?”

“பின்னங்கால் மட்டும் இன்னும் கொஞ்சம்மா.”

“பாரு.”

கரடி வேலியைக் கடந்து, எங்கள் பலா மரத்தை அடைந்து, இன்னது செய்வது என்று தீர்மானிக்கும் நிலையில் நின்றது. “போதுங்கம்மா,” என்றான் மகன். அதன்பின் என் மனைவி தட்டிய தட்டு எப்படிப்பட்டதென்றால், கரடி மட்டுமின்றி நானும் ஓர் அடி பின்வாங்கினேன். அந்தச் சோற்றுத் தட்டின் நடுவில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. எனக்குச் சோறு அதில்தான் போடுகிறாள். ரசம் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது.